ஆறாவது விரல்: எடுப்பதா, விடுவதா?

(சுகாதாரப் பாடம். தாய்மார் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுவதற்காக.)



பிள்ளை பிறந்ததும் நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. துணியை விலக்கிக் கை விரலையும் கால் விரலையும் எண்ணிப் பார்ப்போம். ஐந்தும் ஐந்தும் பத்து என்று வந்தால் மனம் ஆறிவிடும். பதினொன்று என்று வந்தால் லயமே கூடிவிடும். ஒருவர் "அதிர்ஷ்டம், காசு கொட்டும்" என்பார். இன்னொருவர் "கிரகணத்தில வெளிய போயிருப்பா" என்று தாயைப் பார்ப்பார். மூன்றாமவர் "ஒரு நூலைக் கட்டி விடு, தானா விழுந்திரும்" என்பார். இந்த மூன்று பேச்சுக்கும் நடுவில் பிள்ளை பெற்ற உடம்போடு அந்தத் தாய் அழுதுகொண்டிருப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்காகத்தான் இந்தப் பாடம். எல்லாப் பிள்ளைக்கும் விரலை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து, யாரைக் கேட்டு, எப்போது முடிவெடுப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நூல் கட்டிய கதை

முதலில் ஒரு நடந்த கதை. பல வருடங்களுக்கு முன்னர் நான் வேலை பார்த்த ஒரு டிவிஷனில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. வலது கையில் சின்ன விரலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாணி அளவு சதை, அதன் நுனியில் சின்னதாக ஒரு நகம். எலும்பு இல்லை. மெல்லிய தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் அம்மாயி கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட நானும், "நம்ம ஊரில் செய்கிற வழக்கந்தானே" என்று சும்மா இருந்துவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு மனக்குறைதான்.

மூன்றாம் நாள் சதை கறுத்தது. ஐந்தாம் நாள் புறங்கை முழுவதும் வீங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, பால் குடிக்க மறுத்துவிட்டது. இரவோடு இரவாகத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி ஏறிவிட்டது என்று சொல்லி, ஒரு கிழமைக்கு மேல் ஊசி மருந்து கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. விரல் விழுந்த இடத்தில் ஒரு சின்ன முண்டு தங்கிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் போய் எழுதத் தொடங்கியபோது, கொப்பியில் கையை ஊன்றினால் அந்த இடம் சுரீர் என்று வலிக்கும். நாம் எழுதும்போது சின்ன விரல் பக்கந்தானே மேசையில் படுகிறது? அந்தச் சதைக்குள்ளும் ஒரு நரம்பு ஓடும். வைத்தியர் அறுக்கும்போது அந்த நரம்பைக் கண்டு பிடித்து, உள்ளே தள்ளி வெட்டிவிடுவார். நூல் கட்டினால் நரம்பின் நுனி தோலுக்கு அடியிலேயே நின்று, முடிச்சுப் போட்டாற்போல் தடித்துவிடும். தொட்டால் வலிப்பது அதனால்தான். கடைசியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சத்திர சிகிச்சை செய்யத்தான் வேண்டியிருந்தது. நூலால் மிச்சமானது ஒன்றுமில்லை.

ஆகவே முதற் பாடம் இது: வீட்டில் நூல், தலைமயிர், றப்பர் வளையம் எதையும் கட்டக் கூடாது. பிளேட்டால், கத்தரிக்கோலால் தொடவே கூடாது. இரத்தம் போகும், கிருமி ஏறும், ஏற்பு நோய்க்கும் வழி உண்டு. சில நாடுகளில் வைத்தியர்களே மெல்லிய சதைக்குக் கட்டுப் போடுவதுண்டு. அங்கேயும் முண்டு தங்குவதும் வலி வருவதும் நடந்திருக்கிறது. வைத்தியர் கட்டினாலே இப்படியென்றால் லயக் காம்பராவில் கட்டினால் என்னவாகும்?

இது ஏன் வருகிறது?

தாய் வயிற்றில் பிள்ளையின் கை முதலில் துடுப்பு மாதிரி ஒரே தட்டையாகத்தான் முளைக்கும். பிறகு இடையில் உள்ள சதை கரைந்து விரல்கள் பிரியும். கருத்தரித்து எட்டாவது கிழமை ஆகும்போது இந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். பல தாய்மாருக்கு முழுகாமல் இருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிய வரும் காலமே அதுதான். அதற்குப் பிறகு கிரகணம் பார்த்ததோ, அரிவாள் பிடித்ததோ, கவ்வாத்துக் கத்தியைத் தொட்டதோ விரலைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதற்கு முந்திப் பார்த்திருந்தாலும் அப்படித்தான். தாயைக் குற்றம் சொல்வதை இன்றோடு விட்டுவிடுவோம்.

எத்தனை விரல், எங்கே என்று சொல்லுகிற கட்டளை மரபணுவில் இருக்கிறது. அதில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் ஒரு விரல் கூடிவிடும். உலகத்தில் ஏறக்குறைய 500 முதல் 1,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இது நடக்கிறது. அதனால் இது அபூர்வமும் இல்லை, சாபமும் இல்லை.

பல நேரங்களில் இது குடும்பத்தில் ஓடும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் போய்ச் சேர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. சிலர் மாற்றத்தைச் சுமந்திருந்தும் கையில் ஒன்றும் தெரியாமல் பத்து விரலோடு இருப்பார்கள். அதனால்தான் தாத்தாவுக்கு இருந்து, தகப்பனுக்கு இல்லாமல், பேரனுக்கு வருகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக ஒரு பிள்ளைக்கு வருவதும் உண்டு. அதை வைத்து மனைவியைச் சந்தேகப்படுவது பெரிய பாவம்.

கூடுதல் விரலில் மூன்று வகை

முதலாவது, சின்ன விரல் பக்கம் வருவது. இதுவே நாம் அதிகம் காண்பது. இதற்குள்ளும் இரண்டு உண்டு. ஒன்று, எலும்பில்லாமல் தோலில் தொங்கும் சதை. மற்றது, எலும்பு, மூட்டு, நகம் எல்லாம் உள்ள முழு விரல்.

இரண்டாவது, கட்டை விரல் பக்கம் வருவது. கட்டை விரல் இரண்டாகப் பிளந்தது போல இருக்கும். பார்வைக்கு ஒன்று கூடியது போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒரு விரலின் பலத்தை இரண்டும் பங்கு போட்டிருக்கும். இரண்டுமே சற்று மெலிந்திருக்கும்.

மூன்றாவது, நடு விரல்களுக்கு இடையில் வருவது. இது குறைவு. பக்கத்து விரலோடு ஒட்டியும் இருக்கலாம்.

காலிலும் இதே மூன்று இடங்களில் வரலாம். சின்ன விரல் பக்கமே அதிகம்.

எந்த வகை என்று கண்ணால் மட்டும் முழுதாகச் சொல்ல முடியாது. எக்ஸ்றே எடுக்க வேண்டும். ஆனால் பிறந்த பிள்ளையின் எலும்பில் பாதி இன்னும் குருத்தாகவே இருக்கும். எக்ஸ்றேயில் அது விழாது. ஆகவே "படம் எடுக்காமல் அனுப்பிட்டாங்க" என்று கோபப்பட வேண்டாம். சில மாதம் போனபின் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும்.

விரலுக்கு முன்னர் பிள்ளையைப் பார்க்க வேண்டும்

நாம் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வைத்தியர் முதலில் நெஞ்சில் குழாயை வைப்பார். அதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விரல் மட்டுந்தான் கூடுதல், மற்றதெல்லாம் சுகம். ஆனால் கொஞ்சப் பிள்ளைகளுக்கு இந்த விரல், உள்ளே இருக்கிற வேறொரு குறைக்கு அடையாளமாக இருக்கும். எலிஸ் வான் கிரெவெல்ட் என்கிற நிலையில் கை கால் குட்டையாக இருக்கும், நகம் சிறுத்திருக்கும், இருதயத்தில் ஓட்டை இருக்கக்கூடும். பார்டே பீடில் என்கிற நிலையில் பிள்ளை வளர வளர உடம்பு பருக்கும், இருட்டில் பார்வை குறையும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இந்த இரண்டும், தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் ஒரே மறைந்த மாற்றம் இருந்தால் வருவது. சொந்தத்துக்குள் கட்டியவர்களிடம் ஒரே மாற்றம் இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்புக் கொஞ்சம் கூட. மாமன் மகளைக் கட்டியவர்கள் பயந்து போக வேண்டாம். நம் தோட்டங்களில் அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சுகமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வைத்தியர் "சொந்தமா?" என்று கேட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த ஒரு பதிலை வைத்து அவர் இருதயத்தையும் கண்ணையும் கூடுதலாகப் பார்ப்பார்.

பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமாகிறதா, எடை ஏறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் விரலை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடுப்பதற்கு எது நியாயம்? விடுவதற்கு எது நியாயம்?

தொங்கும் சதை: இதனால் பிள்ளைக்குப் பயன் ஒன்றுமில்லை. சட்டைக் கையில், தொட்டில் சேலையில் மாட்டி இழுபடும். பெரும்பாலும் எடுப்பதுதான் நல்லது. சின்ன வேலை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து வைத்தியர் எடுத்துவிடலாம்.

முழுதாக வளர்ந்த ஆறாவது விரல்: மற்ற விரலோடு சேர்ந்து மடங்கி நிமிர்ந்தால் அவசரம் இல்லை. இது வியாதி அல்ல. பக்கத்து விரலைத் தள்ளிக் கோணலாக்கினால், பிடிக்கும்போது குறுக்கே நின்றால், வலித்தால் எடுக்க நியாயம் உண்டு.

இரட்டைக் கட்டை விரல்: இதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை. கொழுந்து பறிப்பதென்றாலும் பென்சில் பிடிப்பதென்றாலும் சட்டைப் பொத்தான் போடுவதென்றாலும் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தால்தான் ஆகும். அங்கே ஒன்றை வெட்டி எறிவது சிகிச்சையல்ல. இரண்டில் நல்லதை வைத்துக்கொண்டு, மற்றதிலிருக்கிற தசைநாரை எடுத்து இதில் பொருத்தி, மூட்டை நேராக்கி ஒரு நல்ல கட்டை விரலை உண்டாக்க வேண்டும். இதைப் பழகிய சத்திர சிகிச்சை நிபுணர்தான் செய்ய வேண்டும். பின்னால் அந்த விரல் மற்றக் கையை விடச் சற்றுச் சிறிதாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். வளரும்போது இன்னொரு சத்திர சிகிச்சை தேவைப்படவும் கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற்றம் வராது.

கால் விரல்: இங்கே கேள்வி ஒன்றுதான். சப்பாத்துப் போட முடிகிறதா? கால் அகலமாகி, சப்பாத்து உரசி, புண் வந்தால் எடுக்கலாம். செருப்போடு சுகமாக நடக்கிற பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை.

"பொம்பளப் புள்ளைங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னா?" என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பட்டப் பெயர் வைப்பார்கள் என்கிறீர்கள. அதுவும் ஒரு காரணந்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் அக்கம் பக்கத்து வாயைத் திருத்த வேண்டிய விஷயமும் கூட. ஊர் வாய்க்காக மட்டும் பிள்ளையைக் கத்திக்குக் கொடுப்பதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கையில் இடைஞ்சல் இல்லாத விரலென்றால், பிள்ளை பெரியவனாகித் தானே முடிவு செய்யலாம். வளர்ந்தபிறகும் எடுக்க முடியும்.

உலகத்தில் இரண்டு பேர்

கிரிக்கெட் பார்க்கிற அப்பாமாருக்கு சேர் கார்பீல்ட் சோபர்ஸ் என்ற பெயர் தெரியும். மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோசில் 1936 இல் பிறந்தவர். 1980 களின் முற்பகுதியில் நமது இலங்கை அணிக்கும் பயிற்சி கொடுத்தவர். அவர் பிறந்தபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் கூட. சிறு வயதிலேயே அவை போய்விட்டன. மீதிப் பத்து விரலால் உலகத்தின் தலைசிறந்த சகலதுறை ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினார். ஒன்று மட்டும்: அந்த விரல்களைத் தானே அகற்றிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அது அந்தக் காலத்து ஏழை வீட்டுப் பிள்ளை செய்தது. அவர் பந்து வீச்சைப் பழகுங்கள், இதைப் பழக வேண்டாம்.

இன்னொருவர் ஒரு பெண். ஸ்வப்னா பர்மன். இந்தியாவில் மேற்கு வங்காளத்தின் ஜல்பைகுரியைச் சேர்ந்தவர். அதுவும் நம் பக்கம் போலத் தேயிலை விளைகிற சீமை. தகப்பன் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர், வாதம் வந்து படுத்துவிட்டார். தாய் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இந்தப் பிள்ளைக்கு இரண்டு காலிலும் ஆறு ஆறு விரல். எடுக்கவில்லை. ஓட்டம், தாண்டல், எறிதல் என்று ஏழு போட்டி சேர்ந்த ஹெப்டத்லன் என்கிற போட்டியில், 2018 ஓகஸ்ட் மாதம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 6,026 புள்ளி எடுத்துத் தங்கப் பதக்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது ஆசிய விளையாட்டுத் தங்கம் அது.

ஆனால் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்குகிற சப்பாத்து ஐந்து விரலுக்குத் தைத்தது. அகலமான காலை அதற்குள் திணித்து வலியோடுதான் அவர் ஓடினார். தங்கம் வென்ற பிறகுதான் பெரிய சப்பாத்துக் கம்பனி அவர் காலுக்கென்று தனியாகச் செய்து கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் செய்து தர மாட்டார்கள். ஆகவே கால் விரலை விடுவதென்று முடிவெடுத்தால் அகலமான செருப்பு, சப்பாத்துக்கு வழி பார்ப்பதும் அந்த முடிவோடு சேர்ந்தது.

ஒருவருக்கு விரல் போனது, ஒருவருக்கு இருந்தது. இரண்டு பேருமே உச்சிக்குப் போனார்கள். விரலின் எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொரு செய்தியும் உண்டு. 2019 இல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே முழு விரல் கூடுதலாக உள்ள ஒரு தாயையும் மகனையும் பரிசோதித்தார்கள். அந்த விரலுக்குத் தனித் தசையும் நரம்பும் இருந்தன. மற்றவர்கள் இரண்டு கையால் செய்கிற சில வேலையை அவர்கள் ஒரு கையால் செய்தார்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனாலும் எடுக்க முன்னர் "இந்த விரல் வேலை செய்கிறதா?" என்று கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எப்போது செய்வது?

தொங்கும் சதையை எடுக்க வயது ஒரு தடையல்ல. வைத்தியர் சொல்லும் நேரத்தில் செய்யலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற பெரிய வேலைகளுக்குப் பிள்ளை கொஞ்சம் வளர வேண்டும். பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டிச் செய்வார்கள். கட்டை விரலென்றால் பிள்ளை நன்றாகக் கிள்ளிப் பிடிக்கப் பழகுகிற காலத்துக்கு முன்பின்னாகச் செய்தால் கை புது விரலோடு பழகிவிடும். காலென்றால் நடை பழகுகிற காலத்தை ஒட்டிச் செய்வார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் பிள்ளைக்கு இரட்டைக் கட்டை விரல். "பேர் போயிடும், கொழும்புக்கு யார் அலையிறது" என்று தள்ளித் தள்ளி ஐந்து வயதாகிவிட்டது. அதற்குள் இரண்டு விரலும் நண்டுக் கொடுக்குப் போல ஒன்றையொன்று பார்த்து வளைந்துவிட்டன. சத்திர சிகிச்சை நடந்தது, பிள்ளை இப்போது எழுதுகிறாள். ஆனால் முதலிலேயே வந்திருந்தால் இன்னும் இலகுவாக முடிந்திருக்கும் என்றுதான் வைத்தியர் சொன்னார். பிந்தினால் கதவு மூடிவிடாது, ஆனால் வாசல் ஒடுங்கிவிடும்.

இன்னொரு குடும்பத்தில் ஆண் பிள்ளை. இடது கையில் தொங்கும் சதை, வலது கையில் எலும்புள்ள விரல், இரண்டு காலிலும் ஆறு ஆறு. அப்பாயி "ஒன்றையும் தொடக் கூடாது, அதிர்ஷ்டம்" என்றார். தகப்பன் "எல்லாத்தையும் எடுத்திரணும்" என்றார். தாய் மயக்க மருந்துக்குப் பயந்தாள். கிளினிக்கில் இருதயம் பார்த்தார்கள், சுகம். பிறகு வைத்தியர் ஒவ்வொரு விரலாகப் பேசினார். சதையை முதலில் எடுத்தார்கள். வலது கை விரல் பக்கத்து விரலைத் தள்ளியதால் ஒரு வயதில் எடுத்தார்கள். காலை விட்டுவிட்டார்கள். பிள்ளையின் தாத்தாவுக்கும் காலில் ஆறு விரல்தான், அதோடு பென்சன் வரை மலையேறி வேலை செய்தவர். பள்ளிக்கூடச் சப்பாத்துப் போடுகிற காலத்தில் காலைப் பற்றி மறுபடி யோசிப்பதாக முடிவு. ஒரே பிள்ளைக்கு மூன்று முடிவு. இப்படித்தான் யோசிக்க வேண்டும். எல்லா விரலுக்கும் ஒரே தீர்ப்பு இல்லை.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

முதலில் குடும்ப சுகாதார மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்கு அனுப்புவார். றக்வான ஆஸ்பத்திரியில் காட்டலாம். அங்கிருந்து தேவைக்கேற்பக் கஹவத்தைக்கோ இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ துண்டு கொடுப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை. நமக்குச் செலவாவது பஸ் காசும் போகிற பேரும்தான். அதனால் கிளினிக் திகதி கிடைத்ததும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாஷை ஒரு பெரிய கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஒரு தகப்பன் ஓர் ஆஸ்பத்திரியில் நீட்டிய கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். "எதுக்கு வச்சீங்க?" என்று கேட்டேன். "வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்றார். எந்தக் கையில் செய்யப் போகிறார்கள் என்பது கூட அவருக்குத் தெரியவில்லை. அப்படிச் செய்யக் கூடாது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். விளங்காவிட்டால் "தமிழில் சொல்லித் தாங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை. சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் (எழுதிக்கொண்டு போங்கள்):

1. இந்த விரலில் எலும்பு இருக்கிறதா? அது வேலை செய்கிறதா?
2. எடுக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன கஷ்டம் வரும்?
3. எடுத்தால் என்ன நன்மை? மறுபடி சத்திர சிகிச்சை தேவைப்படுமா?
4. இருதயம், கண், சிறுநீரகம் பார்க்க வேண்டுமா?
5. எந்த வயதில் செய்வது நல்லது? முழு மயக்கமா, அந்த இடம் மட்டும் மரக்கச் செய்வதா?
6. எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்? எத்தனை தடவை வர வேண்டும்?

சத்திர சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீணாக அலைந்தோமே என்று நினைத்து மறைத்தால் மயக்க மருந்து நேரத்தில் மூச்சுக்கு ஆபத்து. பால், சாப்பாடு நிறுத்தச் சொன்ன மணிக்குக் கண்டிப்பாக நிறுத்துங்கள். பிள்ளை அழுகிறதே என்று இரகசியமாகப் பால் கொடுத்த தாய்மார் உண்டு. மயக்கத்தில் வயிற்றில் உள்ள பால் மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்குப் பாசம் காட்டுவதென்றால் பால் கொடுக்காமல் இருப்பதுதான் பாசம்.

வீட்டுக்கு வந்தபிறகு கட்டை நனைய விடாதீர்கள். அடுப்புப் புகையும் சாம்பலும் படாத இடத்தில் பிள்ளையைப் படுக்க வையுங்கள். மஞ்சள், எண்ணெய், திருநீறு எதையும் புண்ணில் போட வேண்டாம். நெற்றியில் பூசுங்கள், போதும். விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ போனால், குளிர்ந்து போனால், கட்டில் நாற்றமோ சீழோ வந்தால், காய்ச்சல் காய்ந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கட்டை விரலுக்குள் கம்பி வைத்திருந்தால் சொன்ன நாளில் போய் எடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் விடும்போது ஆயம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நமது டிவிஷனில் கூடுதல் விரலோடு யார் யார் இருக்கிறார்கள்? அவர்கள் விருப்பப்பட்டால் தங்கள் அனுபவத்தைச் சொல்லட்டும்.
2. நூல் கட்டுகிற வழக்கம் இன்னும் நம் லயங்களில் உண்டா? அம்மாயி, அப்பாயிமாருக்கு யார் மரியாதையாக எடுத்துச் சொல்வது?
3. தாயைக் குற்றம் சொல்லுகிற பேச்சை எப்படி நிறுத்துவது?
4. கிளினிக்குக்குப் போகிற நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் உதவலாம்?
5. தொங்கும் சதை, முழு விரல், இரட்டைக் கட்டை விரல், கால் விரல். இந்த நான்கில் எதற்கு அவசரம் கூட? ஏன்?

முடிவாக ஒரு வார்த்தை. இந்த முடிவை அம்மாயியும் எடுக்க வேண்டாம், அயல் வீடும் எடுக்க வேண்டாம், நலன்புரி உத்தியோகத்தரான நானும் எடுக்கக் கூடாது. வைத்தியர் சொல்வதை விளங்கிக்கொண்டு, தாயும் தகப்பனும் ஒன்றாக உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும். விரல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தது போதும். அந்தக் கை நாளைக்கு வலியில்லாமல் பென்சில் பிடிக்குமா, அந்தக் கால் வலியில்லாமல் பள்ளிக்கூடத்து மேடு ஏறுமா என்று பாருங்கள். அதற்கு எது உதவுமோ அதுதான் சரியான முடிவு.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்,
றக்வான.